எடைக்குப் போடுவதற்கு முன்

அப்பாவின், அம்மாவின் புத்தக அலமாரியைக் காலி செய்யப்போகும் பிள்ளைகளுக்கு,



உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் வந்து நிற்கும் விதம் தெரியும். விருதுநகரில் என் அப்பா பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு நீங்கள் வருவீர்கள். மழித்த தலையில் முடி அரும்பத் தொடங்கியிருக்கும். பின்னால் ரிக்‌ஷாவில் நாலைந்து சாக்கு மூட்டை. “எங்கப்பா புக்கு அண்ணாச்சி, போட்டுக்கிடுங்க” என்பீர்கள். தராசில் கை வைப்பதற்கு முன் அப்பா எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: “ஒருக்கா பாத்துட்டீங்கல்ல தம்பி?” “பாத்தாச்சு, பாத்தாச்சு” என்று சொல்லிவிட்டுத் தெருவைப் பார்ப்பீர்கள். நீங்கள் பார்த்திருக்கவில்லை என்பது அப்பாவுக்கும் தெரியும், மூட்டையில் ஏறி உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியும்.

இந்த மடலைக் கோபத்தில் எழுதவில்லை. கடன்பட்டவள் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் புத்தகம் வாங்கிப் படிக்கும் வழக்கம் கிடையாது. அப்பா எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். நான் படித்ததெல்லாம் உங்கள் அப்பாக்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவை. இன்று என் பெயரில் சில புத்தகங்கள் இருக்கின்றன என்றால், அவற்றின் அடியில் உங்கள் வீட்டு அலமாரி இருக்கிறது. அந்த உரிமையில்தான் உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன். கேட்பதற்கு முன் கடைக்குள் என்ன நடக்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பணத்தை எண்ணி வாங்கியதும் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவள் நான்.

பேப்பர் கடையில் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குவியல். தமிழ்ப் பேப்பருக்கு ஒரு விலை, இங்கிலீஷ் பேப்பருக்குக் கொஞ்சம் கூடுதல். எழுதிய நோட்டு தனி. புத்தகத்துக்கு விலை குறைவு. முதுகில் பசையும் தையல் நூலும் இருப்பதால் ஆலைக்காரர்கள் கழித்துக்கொள்வார்கள். ஆகவே கெட்டி அட்டையைப் பிய்த்து அட்டைக் குவியலில் போட்டாக வேண்டும். அந்த வேலை என்னுடையது. புத்தகத்தை விரித்து முழங்காலால் அழுத்திக்கொண்டு, அட்டையைப் பின்பக்கமாக மடக்கி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். காலிகோ துணி பிரியும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒன்பது வயதில் அதில் நான் கெட்டிக்காரி. அட்டையின் உட்பக்கத்தில்தான் உங்கள் அப்பா தன் பெயரையும் வாங்கிய தேதியையும் ஊரையும் எழுதியிருப்பார். என் கை முதலில் பிய்த்துப் போட்டது அவருடைய பெயரைத்தான்.

அப்படிப் பிய்த்த ஒன்று, மாஸ்கோவில் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அச்சிட்ட தல்ஸ்தோயின் ‘புத்துயிர்ப்பு’. அட்டை போன பிறகு உள்பக்கங்களைக் குவியலில் வீச மனம் வரவில்லை. பக்க ஓரங்களில் பென்சிலால் யாரோ எழுதியிருந்தார். சில இடங்களில் வெறும் தேதி. ஓரிடத்தில் ‘இன்று சம்பளம். இரவு 11 மணி.’ இன்னோரிடத்தில் ‘இவன் இப்போதுதான் முதல்முறையாக வெட்கப்படுகிறான்.’ அடுத்து என்ன, அடுத்து என்ன என்று கதையின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை நான். அந்த வரியைப் படித்ததும் நின்றேன். திரும்பப் போய் அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்தேன். ஒரு மனிதன் வெட்கப்படுகிறான் என்று எழுத்தாளர் அந்தப் பக்கத்தில் சொல்லவில்லை. அவன் கையை வைத்திருக்கும் இடத்தையும் பேச்சைத் திருப்புவதையும் வைத்து இவர் கண்டுபிடித்திருக்கிறார் என்று புரிந்தது. எழுதக் கற்றுக்கொண்டது எங்கே என்று கூட்டங்களில் கேட்பார்கள். அந்தப் பென்சில்காரரிடம்தான். அவர் மகனோ மகளோ இதை வாசிக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது.

இனிச் சொல்வது, இத்தனை ஆண்டுகளாக நான் எங்கும் எழுதாதது.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஓய்வுபெற்றுக் காலமான ஒரு பள்ளி ஆசிரியரின் வீட்டிலிருந்து மூட்டைகள் வந்தன. மொத்தம் 63 கிலோ. அப்பா சீட்டில் எழுதியதை நான்தான் கூட்டினேன். அவற்றில் நான்கு நீள நோட்டுகள் இருந்தன. கரிசல்காட்டு ஊர்களில் அவர் வேலை பார்த்த காலமெல்லாம் சம்சாரிகளிடம் கேட்டுக் கேட்டு எழுதியவை என்று இப்போது புரிகிறது. நான் புரட்டிய இரண்டு பக்கத்தில் கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கமலையின் உறுப்புகள் இருந்தன: சால், தும்பி, வடம், உருளை என்று ஒவ்வொன்றையும் மசியால் படம் வரைந்து, பக்கத்தில் பெயர், எந்த ஊரில் அதற்கு வேறு பெயர், சொன்னவர் வயது என்ன என்பதுவரை. அடுத்த பக்கம் மழையின் வகைகள். நாளைக்குப் படிக்கலாம் என்று நோட்டுக் குவியலின் மேலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். விடியற்காலையில் சிவகாசி லாரி வந்து நோட்டுக் குவியல் முழுவதையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. வெடிக்குச் சுற்ற எழுதிய தாள்தான் அவர்களுக்குத் தோது.

அந்த வருடம் தீபாவளியன்று தெருவில் சிதறிக்கிடந்த வெடிக் காகிதங்களைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். எல்லாத் துணுக்கிலும் யாராவது எழுதிய எழுத்து இருந்தது. அவர் எழுத்து கிடைக்கவில்லை. பல ஆண்டு கழித்து, கி. ராஜநாராயணன் 1982இல் கொண்டுவந்த வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கையில் எடுத்தபோதுதான் அந்த நான்கு நோட்டும் என்ன என்பது எனக்கு முழுதாக உறைத்தது. தன் ஊரான இடைசெவலில் கி.ரா. செய்து முடித்த வேலையை, இன்னோர் ஊரில் இன்னொருவர் யாருக்கும் சொல்லாமல் செய்துவைத்திருந்திருக்கிறார். அவர் பிள்ளைகளைக் குற்றம் சொல்லமாட்டேன். நோட்டை அவர்கள் திறக்கவில்லை. திறந்து பார்த்த நான்தான் விட்டுவிட்டேன்.

எழுதுகிறவர்கள் ஒரு பெரிய நம்பிக்கையோடு வாழ்கிறோம். அச்சாகிவிட்டால் போதும், நம்முடையது நிலைத்துவிடும் என்று. அது அப்படியில்லை என்பதை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் தமிழில் ஒரு கதைத்தொகுதி 1,000 பிரதி, மிஞ்சினால் 1,200 பிரதி அச்சாகும். அவை விற்பதற்குள் ஆண்டுகள் ஓடும், பதிப்பகம் மூடும், எழுதியவர் போய்விடுவார். மிஞ்சுவது வீடுகளில் இருக்கும் பிரதிகள்தான். இலக்கியம் நிலைப்பதாகச் சொல்கிறோமே, அது பெரும்பாலும் ஏதோ ஒரு நடுத்தர வீட்டின் மர அலமாரியில், யாரோ ஒரு தபால்காரரோ குமாஸ்தாவோ வசம்புத் துண்டு போட்டுப் பாதுகாத்துவைத்ததுதான்.

புதுமைப்பித்தன் 1948இல் இறந்தார். அவர் எழுதி, புத்தகத்தில் சேராமல் போனவற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து ‘அன்னை இட்ட தீ’ வந்தது 1998இல். இடையில் ஐம்பது ஆண்டு. அந்த ஐம்பது ஆண்டும் அந்தப் பத்திரிகை இதழ்களை யாரோ வைத்திருந்ததால்தான் தேடியவர் கைக்கு அவை வந்தன. பாரதி 1921இல் மறைந்தார்; அவருடைய பத்திரிகை எழுத்துகளைத் திரட்ட சீனி. விசுவநாதன் போன்றவர்கள் ஒரு வாழ்நாளைக் கொடுக்க வேண்டியிருந்தது. பாரதிக்கே அந்த நிலை என்றால் மற்றவர்களை நினைத்துப் பாருங்கள்.

உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி அலைந்த கதையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் அவர் கேட்டபோது, பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றோடு விட்ட வீடுகளையும் அவர் கண்டிருக்கிறார். நம் பாடப்புத்தகம் அதை அறியாமை என்று சொல்லி முடித்துவிடும். நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன். அவர்கள் ஏட்டைக் குப்பையில் எறியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், தங்களுக்குத் தெரிந்த மரியாதையோடு அதை வழியனுப்பினார்கள். கும்பிட்டு எரித்தார்கள், பூப்போட்டு ஆற்றில் விட்டார்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டு ‘இது என்ன’ என்று கேட்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அப்படிக் கேட்ட சில வீடுகள் இருந்ததால்தான் 1887இல் சிந்தாமணியும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் அவர் கையால் அச்சேறின. உங்களிடமும் மரியாதைக்குக் குறைவில்லை. அப்பா புத்தகத்தைக் காலால் தாண்டக்கூடாது என்று வளர்ந்தவர்கள்தான் நீங்கள். அந்த ஒரு கேள்விதான் இன்றைக்கும் குறைகிறது.

கேட்டவர்கள், கேட்டுப் போனவர்கள் நம் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். அவர் சேர்த்துவைத்தது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படி. நூல்கள் மட்டும் இல்லை, இதழ்கள், நாடக நோட்டீசு, அழைப்பிதழ் என்று பிறர் கழித்த எல்லாம். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதைப் பெற்று, சேகரிப்பு தமிழ்நாட்டிலேயே இருக்க வழிசெய்தது; 1994இல் அது சென்னையில் நூலகமானது. இன்று தமிழைப் பற்றி ஆராயும் யாரும் அந்தப் படியை மிதிக்காமல் போக முடியாது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்ற ஆசிரியத் தம்பதி வளர்த்த ஞானாலயா, வீட்டுச் சேகரிப்பு எவ்வளவு பெரிதாக வளரலாம் என்பதற்கு இன்னொரு சாட்சி.

யாழ்ப்பாணத்தின் பொது நூலகமும் 1933இல் க.மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் தொடங்கிய சிறு வாசிப்பறையிலிருந்து வந்ததுதான். 1981 மே 31 இரவு அது எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை அவற்றில் இருந்தன. எரித்த கைகளையும் எடைக்குப் போடும் கைகளையும் ஒன்றாக வைத்துப் பேசும் கொடுமையை நான் செய்யமாட்டேன். ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவமாக்கிக் காத்துவருகிறது. ஒரு நூலகத்தை நெருப்பில் பறிகொடுத்த மக்கள், தனித்தனி வீட்டுப் பிரதியின் அருமையை நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

அம்மாவின் புத்தகங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அப்பாவின் அலமாரி என்றால் இரண்டு பேராவது வந்து பார்ப்பார்கள். அம்மாவுடையது அலமாரியில் இருக்காது. டிரங்குப் பெட்டியில், பரணில், மளிகைச் சாமானுக்குப் பின்னால் இருக்கும். வாராவாரம் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கவனமாகக் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணக் கொடுத்து வாங்கிய தொகுதிகள். 1950இல் தொடங்கிய பொன்னியின் செல்வனை மணியம் வரைந்த படங்களோடு அப்படிச் சேர்த்துவைத்த வீடுகள் எத்தனை! பின்பக்கத்தில் அந்த வார விளம்பரம், துணுக்கு, வாசகர் கடிதம் எல்லாம் இருக்கும். புத்தகமாக வந்த பதிப்பில் அது எதுவும் கிடைக்காது. கூடவே ஒரு நோட்டு இருக்கும்: நாலு பக்கம் கோலம், நடுவில் பிரசவ மருந்துச் செய்முறை, அதற்குக் கீழே எங்கோ கேட்ட தாலாட்டு, கடைசிப் பக்கத்தில் பால் கணக்கு. எங்கள் கடைக்கு அந்த மாதிரி நோட்டு வாரம் ஒன்றாவது வரும். எழுதியவள் பெயர் அதில் இருக்காது. ‘அதெல்லாம் அம்மா கிறுக்கினது’ என்பீர்கள். கதை எழுத வந்த பிறகு, என் பாட்டி காலத்துப் பெண் ஒருத்தி எப்படிப் பேசுவாள், எதை எண்ணிக் கவலைப்படுவாள் என்று தேடித் தேடிப் பார்க்கிறேன். நான் கிலோக் கணக்கில் அடுக்கிக் கட்டிய நோட்டுகளில் அது இருந்தது.

உங்கள் பக்கம் உள்ள நியாயங்களும் எனக்குத் தெரியும். இரண்டு அறை வீட்டில் பிள்ளைகள் படிக்கவே இடமில்லை. பழைய புத்தகத்தில் கரையானும் ராமபாணப் பூச்சியும் வரும், குழந்தைக்குத் தும்மல் வரும். சிலர் கடல்தாண்டி இருக்கிறீர்கள். பத்து நாள் விடுப்பில் வீட்டை முடித்துக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சிலருக்குத் தமிழ் படிக்கவே வராது, அதைச் சொல்லக் கூச்சப்படுகிறீர்கள். இவற்றில் எதையும் நான் சிறிதாக எண்ணவில்லை. எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவும் இல்லை. வழிகாட்டி நூல்களும் எழுதாத டைரிகளும் எல்லாக் கடையிலும் கிடைக்கும் மறுபதிப்புகளும் எடைக்குப் போகட்டும். அந்தக் காசில் என் போன்ற பிள்ளைகள் படித்திருக்கிறோம்.

‘எல்லாம்தான் அரசு நூலகத்தில் இருக்குமே’ என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களின் பிரதி கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும் என்ற சட்டம் 1954இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் எல்லாரும் ஒழுங்காக அனுப்பிவிட்டார்களா? சின்ன ஊர் அச்சகத்தில் போட்ட தலபுராணம், நாடகப் பாட்டு, சங்க மாநாட்டு மலர், கல்யாண வாழ்த்துமடல், நூறு இருநூறு பேருக்கு மட்டும் போன சிறுபத்திரிகை, இவற்றை யார் அனுப்பினார்கள்? சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கி நடத்திய ‘எழுத்து’ இதழும் கையிலிருந்ததைக் கரைத்துச் சிலருக்காக நடத்தியதுதான். அந்தச் சிலரில் உங்கள் அப்பா ஒருவராக இருந்திருக்கலாம். அவர் உங்களிடம் அதைச் சொல்லியிருக்கமாட்டார்.

என் வேண்டுகோள் இதுதான். முதல் ஆண்டு நினைவு நாள் வரை அந்த அலமாரியைத் தொடாதீர்கள். திவசம் கொடுக்கும் வீடானாலும், கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும் வீடானாலும், பாத்திஹா ஓதும் வீடானாலும் ஓராண்டு பொறுங்கள். காரியம் முடிந்த கையோடு ஒதுக்காதீர்கள். துக்கத்தில் கண் சரியாகப் பார்க்காது. அந்த ஓராண்டுக்குள் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். கையால் எழுதிய எதையும் தனியே எடுங்கள், ஒரு பக்கம் எழுதியதாக இருந்தாலும் சரி. பெயர் கேள்விப்படாத இதழ்களை எடுங்கள். வீட்டில் பைண்டு செய்த தொகுதிகளை எடுங்கள். உங்கள் ஊர் அச்சகத்தின் பெயர் போட்டது எதுவானாலும் எடுங்கள். தலைப்புப் பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்து, வாசிக்கிற பழக்கமுள்ள ஒருவருக்கு அனுப்பிக் கேளுங்கள். பக்கத்துக் கல்லூரித் தமிழ்த்துறையைக் கேளுங்கள், மாவட்ட மைய நூலகத்தைக் கேளுங்கள், முன்னே சொன்ன சேகரிப்பு நூலகங்களைக் கேளுங்கள். எங்கேயும் சாக்கு மூட்டையோடு போய் நிற்காதீர்கள், பட்டியலோடு போங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் அடுத்தவரிடம் கேளுங்கள். மூன்று பேர் மறுத்த பிறகு எடைக்குப் போட்டால் உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை.

என் அப்பா இறந்தபோது நானும் உங்களைப் போலவே அவர் விட்டுப்போனவற்றின் முன் நின்றேன். அவரிடம் புத்தகம் ஏது? கடையின் பின்கட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் என்ன வைத்திருந்தார் என்று எனக்கே தெரியாது. திறந்தேன். புத்தகங்களுக்குள்ளிருந்து உதிர்ந்தவை. ஓரம் நறுக்கிய கறுப்புவெள்ளைப் போட்டோக்கள், தபால் அட்டைகள், நீல இன்லாண்டு லெட்டர்கள், ஒரு ஜாதகம், ஒரு பள்ளியிறுதிச் சான்றிதழ், காய்ந்துபோன மரிக்கொழுந்து, குழந்தையின் கால் தடம் பதித்த தாள். ஒவ்வொன்றின் பின்னாலும் எந்தத் தெருக்காரர் கொண்டுவந்த மூட்டை, என்றைக்கு என்று தன் கோணல் எழுத்தில் குறித்திருந்தார். கேட்டு வருவார்கள் என்று எடுத்துவைத்திருக்கிறார். முப்பது வருடத்தில் இரண்டு பேர் வந்ததாக அம்மா சொன்னாள்.

அந்தப் பெட்டி இப்போது என் மேசைக்குக் கீழே இருக்கிறது. உங்கள் வீட்டுப் போட்டோவும் அதில் இருக்கலாம். மூட்டையைக் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு புத்தகத்தையும் முதுகைப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்து, மெதுவாக ஒருமுறை உதறிப் பாருங்கள்.

இப்படிக்கு,
பேப்பர் கடைக்காரர் மகள்